மூன்று கொட்டேஷனும் ஒரு கவரும்

"சிங்கிள் டெண்டரா? என் வீட்டுலயா?"

ராஜாராமன் போட்ட அதட்டலில் காபி டம்ளர் டபராவுக்குள் துள்ளி அடங்கியது.

மகள் நித்யஸ்ரீ பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருஷம். திங்கட்கிழமை லேபுக்கு லினக்ஸில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் இருபது மார்க் காலி. "வீட்டுல விண்டோஸ்தானே இருக்கு, என்ன பண்ணப்போறே?" என்று அப்பா கேட்டார். "லினக்ஸ் வகையில உபுண்டு போதும்ப்பா, புதுசா கத்துக்கறவாளுக்கு ஈஸி" என்றாள். அவ்வளவுதான்.

ராஜாராமன் செகந்திராபாத்தில் ஒரு பாதுகாப்புத் துறை நிறுவனத்தின் பர்ச்சேஸ் செக்ஷனில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டுபவர். மாரெட்பள்ளியில் கத்தரிக்காய் வாங்கவே மூன்று வண்டிகளை நிறுத்தி விலை கேட்பார்.

"அப்பா, முழுசா கேளுங்க. அது ஏற்கெனவே..."

"எதுவானாலும் சீல் பண்ணின கவர்ல எழுதிக் கொடு. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குத் திறப்போம். அதுக்கு முன்னால பேசினா டிஸ்குவாலிஃபை!"

"நக்கோப்பா, வேண்டாம்!"

"கவர்ல."

அவள் கொடுத்த கவர் கொஞ்சம் புடைப்பாகவே இருந்தது. ராஜாராமன் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அதைப் பூஜை அலமாரியில் வைத்தார்.

சனிக்கிழமை, மாடி வீட்டு தினேஷிடமும் எதிர் ஃப்ளாட் அனுபமாவிடமும் ஆளுக்கொரு லினக்ஸ் சிபாரிசு வாங்கினார். இருவரும் ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒப்பீட்டுப் பட்டியல் டைப் செய்தார். தசராவுக்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் வேகமாகவே ஓடியது. விண்டோஸுக்கு வயதாக ஆகத் தெம்பு கூடுகிறது என்று ஆபீஸில்கூடச் சொல்லியிருந்தார்.

சிக்கல் விலையில் வந்தது. குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்பது விதி. மூன்றுமே இலவசம்! மூன்று பேர் சேர்ந்தாற்போல் பூஜ்யம் கேட்டு அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"டெக்னிகல் டெமோ வெச்சுடலாம்" என்று தீர்மானித்தார். உபயோகிக்கப் போகிறவளே டெண்டரும் போட்டிருப்பது விதிக்குப் புறம்பு என்று, ஞாயிறு காலை நித்யாவை மெட்டுகுடாவில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பதினொரு மணிக்கு தினேஷ் வந்தான். சி.டி.யைப் போட்டான். அது ஏதோ கேட்டது. ராஜாராமனின் மனைவி அபயாம்பாள் கொடுத்த வடையைக் கடித்துக்கொண்டே 'யெஸ்' தட்டினான்.

"என்னப்பா கேட்டுது?"

"முழு டிஸ்க்கையும் எடுத்துக்கலாமான்னு, அங்கிள்."

"அதுல இருந்த விண்டோஸ்? என் பட்டியல்?"

தினேஷ் வடையை மெல்லுவதை நிறுத்தினான். "போயிந்தி, அங்கிள்."

நிலைமையைச் சீராக்க அனுபமா வந்தாள். "இதை யாராவது போடுவாங்களா? என்னோடதைப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று தினேஷ் போட்டதை அழித்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றினாள். தொண்ணூற்று நான்கு சதவீதத்தில் கரண்ட் போனது.

"யு.பி.எஸ். இல்லையா, அங்கிள்?"

இருந்தது. பேட்டரி மாற்றத்தான் எட்டு மாதமாக மூன்றாவது கொட்டேஷன் வரவில்லை.

கரண்ட் திரும்பியபோது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டியது. தப்பு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டே இரண்டு நிபுணர்களும் படியிறங்கிப் போனார்கள்.

ஐந்து மணிக்கு நித்யா வந்தாள். ராஜாராமன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளிடம் வந்தார்.

"மன்னிச்சுடும்மா. உன் இருபது மார்க்கை நானே தொலைச்சுட்டேன். இருந்த விண்டோஸையே விட்டு வெச்சிருக்கலாம். மூணு மாசமா ஒரு நாள் படுத்தினதில்லை. எனக்கே புரியற மாதிரி எவ்வளவு சமத்தா இருந்தது!"

நித்யா கம்ப்யூட்டரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சு மணியாச்சுப்பா. கவர்."

அபயாம்பாள் கவரைப் பிரித்தாள். ஒரு சி.டி.யும் ஒரு பென் டிரைவும் மடியில் விழுந்தன. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்:

"'அப்பா, புரோகிராம் எழுதி முடிச்சு பென் டிரைவ்ல வெச்சிருக்கேன், கம்ப்யூட்டரை மட்டும் தொடாதீங்க. தசரா லீவுலயே விண்டோஸை எடுத்துட்டு உபுண்டு போட்டாச்சு. புதுசா கத்துக்கறவாளுக்கு ஈஸியான்னு மூணு மாசமா உங்களை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்.'"