கரெக்‌ஷன் அக்கா வைத்த புள்ளிகள்

திண்டிவனத்தில் ஒரு பலகை பிழையில்லாமல் இருக்கிறதென்றால், ஒன்று அதில் எழுத்தே இருக்காது, அல்லது அந்தப் பக்கமாகக் கரெக்‌ஷன் அக்கா போயிருப்பார்.

நான் டிடிபி ஆபரேட்டராக இருந்த அச்சகத்தில் அவர் புரூஃப் ரீடர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் பலகையில் ‘மயிளம்’ என்று எழுதியிருந்தது. அக்கா பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

“யம்மா, ஜல்தி ஏறும்மா, டைம் ஆவுது” என்றார் கண்டக்டர்.

“மயிளம்னு ஒரு ஊரே இல்ல. இல்லாத ஊருக்கு எப்பிடிப்பா ஏறிக்கினு போறது?”

கண்டக்டர் சாக்பீஸ் தேடித் திருத்திய பிறகுதான் வண்டி நகர்ந்தது. அக்கா ஏறவில்லை. அவர் மயிலம் போக வந்தவரே இல்லை, டீ குடிக்க வந்தவர்.

இளவயதில் ஓர் எலெக்ட்ரீஷியன் அவருக்குக் காதல் கடிதம் கொடுத்தாராம். அதைப் பதினோரு திருத்தங்களோடு, ‘திருத்தி எழுதிக் கொண்டு வரவும்’ என்று குறிப்புப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மனிதர் வரவே இல்லை. “சந்திப்பிழை தெரியாதவன் சம்சாரம் எப்பிடி நடத்துவான்?” என்பார் அக்கா. கல்யாணப் பேச்சே அத்தோடு முடிந்தது.

அறுபதை நெருங்கும்போது அவருக்குத் தலைவலி வந்தது. நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறிக்கும். சீப்பு பட்டாலே துடிப்பார். கொண்டை போட முடியாமல் பேனா காதுக்கு இறங்கியது. “தலமுடி கூட வலிக்குது தம்பி. முடி எங்கியாவது வலிக்குமா?” என்று கேட்டார். அடுத்து மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, வந்தது வினை. மாலையில் வறுத்த மல்லாட்டை இல்லாமல் அவருக்குப் புரூஃப் ஓடாது. நாலு வாய் மெல்லுவார், தாடை பிடித்துக்கொள்ளும், நிறுத்தினால் சரியாகும், மெல்ல ஆரம்பித்தால் மறுபடி பிடிக்கும். பல் டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் ஒரு குறையும் இல்லை, விழுப்புரத்தில் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அக்கா தனியாகத்தான் போனார். ரத்தம் எடுத்தார்கள். பொட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று பெயர். தலையில் ஓடும் ரத்தக்குழாய்கள் வீங்கிக்கொள்ளும். விட்டுவிட்டால் கண்ணுக்கு ரத்தம் போகாமல் பார்வை போய்விடும், போனது திரும்பாது. அதனால் அன்றைக்கே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பம். நீண்ட காலம் சாப்பிட வேண்டும், சொல்லாமல் நிறுத்தவே கூடாது. டாக்டர் இத்தனையும் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். அக்கா காதில் வாங்கவில்லை. டாக்டரின் தலைக்குப் பின்னால் ‘கைகளை நன்றாக தேய்த்து கழுவவும்’ என்ற போஸ்டரில் இரண்டு ஒற்று விட்டுப்போயிருந்ததாம்.

சீட்டில் டாக்டர் இதே நோயின் இன்னொரு பெயரை எழுதியிருந்தார்: டெம்பொரல் ஆர்ட்டரைட்டிஸ். நெற்றிப்பொட்டை ஆங்கிலத்தில் டெம்பிள் என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். திரும்பி வரும் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அக்கா அதைப் படித்தார். அப்படியொரு வார்த்தையை அவர் எந்தப் புரூஃபிலும் பார்த்ததில்லை. காதிலிருந்து பேனாவை எடுத்தார். கடைசியில் இருந்த ‘எல்’லை அடித்துவிட்டு ‘ஆர், ஒய்’ போட்டார். டெம்பரரி ஆகிவிட்டது.

மறுநாள் எங்களிடம், “பெரிய டாக்டராம், டெம்பரரிக்கு ஸ்பெல்லிங் தெரியல. பேஜாரு ஒண்ணுமில்ல தம்பி, தற்காலிகம்தான்னு அவரே எழுதிக் குடுத்துட்டாரு” என்றார். நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

மாத்திரை உடனே வேலை செய்தது. மூன்றே நாளில் வலி போய், கொண்டையும் மல்லாட்டையும் திரும்பி வந்தன. கூடவே அகோரப் பசி. சில வாரங்களில் முகம் உப்பிப் பௌர்ணமி ஆனது. பத்திரிகை அடிக்க வந்த ஒருவர், “இன்னாக்கா, மூஞ்சி பூரிச்சிக்கினே போவுது?” என்று கேட்டுவைத்தார். அன்றோடு அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு நாள் நான் அவசரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் ‘மணமக்களை வீழ்த்த வருக’ என்று அடித்துவிட்டேன். புரூஃப் அக்காவிடம் போய், ஒரு சிவப்புக் கோடு கூட இல்லாமல் திரும்பி வந்தது. அதை அப்படியே ஓனரிடம் நீட்டினேன். ஓனர் வாங்கிப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னார். “கரெக்‌ஷன் இத வுட்டுட்டாங்களா? போய் இன்னான்னு கேளுப்பா.”

கேட்டேன். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“எடது கண்ணுல அப்பப்ப ஒரு தெர எறங்குது தம்பி. ரெண்டு நிமிஷத்துல ஏறிடுது. மூக்குக்கண்ணாடி அழுக்குன்னு தொடச்சிக்கினு இருந்தேன்.”

“மாத்தர சாப்புடுறீங்களா?”

“அதான் டெம்பரரியாச்சே.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். “இந்த நிமிஷமே கெளம்பி வாங்க” என்றார் டாக்டர். ஓனர் தன் காரைக் கொடுத்தார்.

வழி நெடுக அக்கா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார். விக்கிரவாண்டி அருகே மறுபடி திரை இறங்க, குரல் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன் தம்பி?” பயத்தில் எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். “என் எழுத்தத் திருத்துனது யாரு?”

“நான்தான் சார். ஸ்பெல்லிங்கு...”

“அம்மா, அது ஸ்பெல்லிங் இல்ல, உங்க கண்ணு!”

மூன்று நாள் ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினார்கள். திரை இறங்குவது நின்றது. இன்னும் சில நாள் போயிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது அக்கா அந்தப் பழைய சீட்டைக் கேட்டு வாங்கினார். ‘ஆர், ஒய்’யை அடித்தார். தான் அடித்திருந்த ‘எல்’லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். அடித்தது தவறு, இருந்தபடியே இருக்கட்டும் என்பதற்கு அச்சகத்தில் அதுதான் குறி. அத்தனை வருஷத்தில் அக்கா அந்தப் புள்ளிகளை வைத்து நான் பார்த்ததே இல்லை. டாக்டருக்கு அர்த்தம் புரியவில்லை. நான் சொன்னதும் அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார்.

அப்புறம் மாத்திரை தவறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கிறார்கள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, எலும்புக்குத் தனி மாத்திரை. வட்ட முகத்தை யாராவது கிண்டல் செய்தால், “இதுல கொற சொல்லாத, டாக்டர் போட்ட டிசைன்” என்பார்.

இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு அக்கா என் மூஞ்சியைத் தேர்ந்தெடுத்தார். நான் சென்னைக்கு வந்த பிறகும் காலை ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வந்துவிடுகிறார். ஒரு கண்ணைப் பொத்துவார். “இருக்க.” மற்றதைப் பொத்துவார். “இதுலயும் இருக்க. சரி, வேலையப் பாரு.”

பஸ்ஸில் இருந்தாலும் மீட்டிங்கில் இருந்தாலும் அந்தப் போனை நான் எடுக்காமல் விட்டதில்லை. அவர் இரண்டு கண்ணிலும் நான் இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.