கிளாவரையில் ஆடிக்காட்ட வேண்டிய ஆட்டம்

கொடைக்கானல் பஜார்,
ஐப்பசி, 1936

ஆயக்குடி கொய்யாத்தோப்பு மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் பொன்னுவேல் அவர்களுக்கு, கம்பளிக்கடை சேனாதிபதி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன். உங்கள் தங்கை விசாலாட்சி என்னோடு பேசுவதில்லை. மகள் சண்முகவள்ளி எனக்குத் தட்டில் சோறு போடுகிற சத்தம் பக்கத்துக் கடைக்குக் கேட்கிறது. நீங்கள் அலைந்து பார்த்துக் கொடுத்த கிளாவரை ஊர்ச் சம்பந்தம் என் வாயால் கெட்டது. அதைச் சரிசெய்ய நீங்கள் ஒரு சீட்டாட்டம் கற்றுக்கொண்டாக வேண்டும். கடிதத்தைக் கிழிக்காமல் மேலே படிக்கவும்.

சீசன் முடிந்து துரைமார் எல்லாம் மலை இறங்கிவிட்டார்கள். மழையில் கம்பளி வாங்க உள்ளூர்க்காரர்கள்தான் மிச்சம். அவர்கள் போன வருஷம் வாங்கியதே இன்னும் கிழியவில்லை. நான் உட்கார்ந்து கொட்டாவி விடுவதைப் பார்த்து இரக்கப்பட்டு, பக்கத்து பிஸ்கோத்துக் கடை தஸ்தகீர் ராவுத்தர் ஒரு பழைய சீட்டுக்கட்டைக் கொடுத்து, ஒற்றையாள் ஆடுகிற ஆட்டம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒரு பங்களா பட்லரிடம் கற்றதாம். பெயர் பேஷன்ஸ். "பொறுமைன்னு அர்த்தம்ண்ணே. வெளையாண்டா இருக்குற பொறுமையும் போயிரும்" என்றார். உள்ளேயிருந்து விசாலாட்சி, "பேசன்ஸாம்ல! பேருலதான் பேச்சு இருக்கு, ஆளு வாயத் தொறக்குறதில்ல" என்றாள். அது அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்த காலம்.

ஆட்டம் இதுதான். கட்டைக் கலைத்து ஏழு வரிசை போடவும். முதல் வரிசைக்கு ஒரு சீட்டு, அடுத்ததற்கு இரண்டு, இப்படியே ஏழாவதற்கு ஏழு. ஒவ்வொரு வரிசையிலும் மேல் சீட்டு மட்டும் முகம் காட்டும். மற்றவை கவிழ்ந்து கிடக்கும், என் வீட்டார் இப்போது இருப்பது போல. மீதி கையில். சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்று மாற்றி மாற்றி இறங்குமுகமாக அடுக்க வேண்டும்: பத்தின் மேல் ஒன்பது, ஒன்பதின் மேல் எட்டு, நம் வியாபாரம் போல. மேல் சீட்டு நகர்ந்தால் அடியில் கிடப்பதைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு வரிசை காலியானால் அங்கே ராஜா மட்டுமே உட்காரலாம். ஆஸ் வந்தால் அதைத் தனியே வைத்து, அதன் மேல் அதே ஜாதிச் சீட்டாக இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். நாலு ஜாதியும் ஏறினால் ஜெயம். கையிலுள்ளதை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வரவேண்டும். தீர்ந்தால் துரைமார் மறுபடி முதலிலிருந்து திருப்புவார்களாம். பட்லர் முறையில் அது கிடையாது, ஒரே சுற்று, விட்டது விட்டதுதான். எனக்கு இதுநாள் வரை ஆட்டம் வந்ததே இல்லை. ஆட்டின், டைமன், இஸ்பேட் மூன்றும் ஓரளவு ஒழுங்காக ஏறும். மூன்று இலை போட்ட கறுப்புச் சீட்டு இருக்கிறதே, கிளாவர், அது மட்டும் எப்படியும் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அதை ஏசாமல் இருக்க நான் என்ன ரிஷியா?

போன சந்தையன்று மாப்பிள்ளையின் தகப்பனார் நல்லசாமி, மட்டக்குதிரையில் பூண்டு மூட்டை ஏற்றி வந்தவர், விற்று முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று மழையில் நனைந்தபடி நம் கடை வாசலுக்கு வந்திருக்கிறார். நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆட்டின் ராணியின் மேல் கிளாவர் ஜாக்கியை வைத்துத் தொலைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். வாயாவது சும்மா இருந்ததா? "கிளாவரை நம்பி எம் ராணியக் குழியில தள்ளிட்டேனே! கிளாவரைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது! கிளாவரை மொத்தமாத் தூக்கி ஏரியில போட்டாத்தான் நான் உருப்படுவேன்!"

நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் மச்சான். சீட்டு என்றால் சீட்டு, ஊர் என்றால் ஊர். ஒரு ஐகாரம் வந்து என் குடியைக் கெடுத்தது. மூன்றாம் பாரத்தில் வாத்தியார் இரண்டாம் வேற்றுமை நடத்தியபோது தூங்கினேன். அது இப்போது வந்து என்னை எழுப்புகிறது. திரும்பிப் பார்த்தால் வாசலில் ஈரத்தடமும் ஒரு பூண்டு முடிச்சும் கிடந்தன. ராவுத்தர் ஓடிவந்து, "என்னண்ணே, சம்பந்தி மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டு வெரசாப் போறாரு? கூப்பிடக் கூப்பிட நிக்கல!" என்றார்.

கதவோரம் நின்ற சண்முகவள்ளி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பையன் ஞானவேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "எம்மேல கோவம்னா என்னைய ஏசுங்கப்பா. அவுக ஊரு என்ன செஞ்சுச்சு?" என்று அழுதாள். நான் சீட்டைத் தூக்கிக் காட்டி, "ஊரு இல்ல தாயி, இந்தா, இதுதான் கிளாவரு" என்றேன். விசாலாட்சி, "பொய்யிக்குச் சாட்சி வேற வச்சிருக்காரு" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆகவே மச்சான், கொய்யாப் பறிப்பு கெடக்கட்டும். வெள்ளனே புறப்பட்டுக் கிளாவரைக்குப் போய், நல்லசாமி முன்னால் ஏழு வரிசை போட்டு ஆடிக்காட்டி, கிளாவர் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நான் சொன்னதையே அதே கோபத்தோடு சொல்லவும். நடிக்க வேண்டியதில்லை, கோபம் தானாக வரும். சீட்டுக்கட்டை இத்துடன் கட்டி அனுப்புகிறேன்.

தங்கள் தோப்பும் குடும்பமும் செழிக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன். எனக்காக வேண்டிக்கொள்ள இவ்வீட்டில் தற்சமயம் ஆள் இல்லை. அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
வாய் அடங்காத
சேனாதிபதி

பின்குறிப்பு: போக வேண்டாம்! கடிதத்தை ஒட்டப்போகிற சமயம் ராவுத்தர் சந்தையில் நல்லசாமியைப் பார்த்துவிட்டு வந்தார். "ஊர ஏசுனதுக்கா கோவிப்பேன்? மழக்காலத்துல நாங்களே எங்க ஊர ஏசாத நாளில்லைங்க. கிளாவருன்னா எனக்குத் தெரியாதா? மனுசன் சீட்டாடிக்கிட்டுல்ல இருந்தாரு! சீட்டாடுற வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டோம்" என்றாராம். எனவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். சேனாதிபதி சீட்டைத் தொடுகிற ஆளே இல்லை, மனதாரக் கிளாவரை ஊரைத்தான் ஏசினான் என்று நல்லசாமிக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். சீட்டுக்கட்டும் இனி வராது. அடுப்பில் போடச் சொல்லிச் சண்முகவள்ளி உத்தரவு. போடுமுன் கடைசியாக ஒரு தடவை பரப்பினேன். மச்சான், வந்துவிட்டது! நாலு ஜாதியும் ஏறி, கடைசியாகக் கிளாவர் ராஜா போய் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்று பார்த்த மகள், "சரிப்பா, இப்பப் போடுங்க" என்றாள். மூன்று ஜாதியைப் போட்டுவிட்டேன். கிளாவரை எரிக்க மட்டும் மனசு வரவில்லை. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுவதோடு சரி.