சீமாட்டிக்கு எந்த உப்பு?

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். பயிற்சி முகாமில் நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லாயத்தில் குதிரைகள் இரண்டும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கடிதம் முழுவதும் படித்த பிறகு இன்னொரு முறை படித்துக்கொள்ளவும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ‘குதிரை’ என்று ஆரம்பித்ததுமே என் மகள் உங்களிடமிருந்து போனைப் பிடுங்கி, “அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணாம இருங்க, அது போதும்” என்கிறாள். பண்ணி முடித்தவனுக்கு இந்த யோசனை எப்படிப் பயன்படும்? ஆகவே கடிதம்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே நம் பெண்குதிரை சீமாட்டி லாயத்துச் சுவரை நக்க ஆரம்பித்தாள். முதலில் சுண்ணாம்புச் சுவர், பிறகு கதவுத் தாழ்ப்பாள், பிறகு என் முழங்கை, அதன் பிறகு சட்டைக் காலர். கண்காணிப்பாளராக நான் வேலை பார்த்த அலுவலகத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு பிரியம் காட்டியதில்லை என்பதால் சற்று நெகிழ்ந்துபோனேன். உங்கள் அத்தைதான், “அது பாசமில்லீங்க, உப்பு. வேர்வை காஞ்சு கிடக்கு, நக்குது” என்றாள். சரி, நீங்கள் தொங்கவிட்டிருந்த உப்புக்கட்டி எங்கே என்று தேடினால், தண்ணீர்த் தொட்டிக்குள் அதன் கயிறு மட்டும் கிடந்தது. கட்டியைத் தொட்டிக்குள் தட்டிவிட்டது யார் என்று விசாரிக்க அது நேரமில்லை. அன்று லாயத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

தீவனக் கடைக்குப் போனேன். “உப்புக்கட்டி வேணும்” என்றேன். “வெள்ளையா சிவப்பா?” என்றார் கடைக்காரர். “குதிரைக்கு” என்றேன். “குதிரை வெள்ளையா சிவப்பா?” என்றார். விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. வெள்ளை வெறும் உப்பு, சிவப்பு தாது சேர்த்த உப்பு என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டும் இருக்கட்டும் என்றேன். அப்புறம் ஓடுகிற குதிரை படம் போட்ட தாதுப்பொடி ஒரு டப்பா, குளம்புக்கென்று ஒரு டப்பா, ரோமம் பளபளக்க ஒரு டப்பா, கடைசியில் “இது மாட்டுக்குப் போடுறது, ரொம்ப சத்து, குதிரைக்கும் நாலு கால்தானே சார்” என்று அவரே வண்டியில் ஏற்றிவிட்ட ஒரு பெரிய கட்டி. வீட்டில் உங்கள் அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அந்த மாட்டுக்கட்டியின் அட்டையைப் படித்தாள். குதிரை இனத்துக்குக் கொடுக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து என்று எறும்பு சைஸில் போட்டிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “அப்படியா, நான் படிச்சதில்ல சார்” என்றார் கடைக்காரர்.

சிவப்புக் கட்டியை என் முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டேன். அது ஆடியதில் சீமாட்டி மிரண்டு மூலைக்குப் போய்விட்டாள். பக்கத்தில் நின்ற நம் ஆண்குதிரை பெரியவர் மட்டும் ஒரு முறை முகர்ந்துவிட்டுப் பழையபடி புல்லுக்குத் திரும்பினார், எதிலும் பட்டுக்கொள்ளாத மனிதர். பயப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்குக் காட்டத்தான், மாப்பிள்ளை, வேறு எந்த ஆசையாலும் இல்லை, நானே நாக்கை நீட்டி அதை ஒரு தடவை நக்கிக் காட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்து சவாரி வகுப்புக்கு வரும் அந்த வக்கீலம்மா குழந்தையோடு உள்ளே வந்தார். “அந்தத் தாத்தா ஏம்மா அதை நக்குறாரு?” என்றது குழந்தை. “அவருக்கு என்னவோ, நீ வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இந்த வாரம் அந்தக் குழந்தை வரவில்லை. வந்ததும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.

கட்டி வேண்டாம், பொடியைத் தீவனத்தில் கலக்கலாம் என்று மூன்று டப்பாவிலும் ஒரு கை அள்ளிப் போட்டேன். வாசனைக்குத் தவிடும் நிறைய சேர்த்தேன். சீமாட்டி வாளிக்குள் மூக்கை விட்டு ஒரு மூச்சு விட்டாள் பாருங்க, பாதி என் மூஞ்சியில. அதோட சரி. சாயங்காலம் தொடலை, மறுநாள் காலையிலயும் தொடலை. புல்லைக்கூட மோந்துட்டு விட்டுட்டா. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா நம்மள நம்பி மாப்பிள்ளை ஒரு பொறுப்பைக் குடுத்தாரு, திரும்பி வர்றப்போ லாயத்துல ஒரு குதிரைதான் இருக்கும்போல இருக்கேன்னு அப்படியே உட்கார்ந்துட்டேன். உங்க அத்தைதான் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டா.

அந்தம்மா வந்து பல்லைப் பார்த்து, வயித்துல காது வச்சுக் கேட்டுட்டு, டப்பாக்களை வரிசையா வைக்கச் சொன்னாங்க. “மூணுலயும் செலினியம் இருக்கு சார். கொஞ்சம் போனா சத்து, கூடிப் போனா விஷம். மூணையும் ஒண்ணா போடுவாங்களா?”

“நல்லதுன்னு நினைச்சுத்தான் டாக்டர்.”

“தவிடு எவ்வளவு?”

“வாசனைக்காகத்தான், கொஞ்சம் தாராளமா...”

“தவிட்டுல பாஸ்பரஸ் ஜாஸ்தி. தினம் இப்படிப் போட்டா எலும்புல இருக்கிற கால்சியத்தை உறிஞ்சிடும். நல்லவேளை, உங்களைவிடக் குதிரைக்கு விவரம் இருக்கு, தின்னலை.”

வாளியைக் கழுவிக் கவிழ்க்கச் சொன்னார். வெறும் வெள்ளை உப்பு ஒரு பாத்திரத்தில், வேண்டியபோது அவளே நக்கிக்கொள்ளட்டும். தொட்டியில் நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நம் புல்லில் என்ன குறைகிறது என்று சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற தாதுப்பொடி ஒன்றே ஒன்று. அவர் போன பிறகு நான் வெறும் புல்லை அவள் முன்னால் போட்டுவிட்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு நறுக் நறுக்கென்று மெல்லுகிற சத்தம். என் மகள் பிறந்தபோதுகூட எனக்கு இவ்வளவு நிம்மதி வரவில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஆக, இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது. எவ்வளவு உப்பு, எவ்வளவு பொடி என்று அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்கள் திரும்பி வந்த பிறகும் இந்தத் துறையை நானே கவனித்துக்கொள்கிறேன், உங்களுக்குக் கவலை வேண்டாம். இருவரும் உடல்நலத்தோடும், முடிந்தவரை சண்டையில்லாமலும் பயிற்சியை முடித்து வர மனமார்ந்த ஆசிகள். உங்கள் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மருத்துவரம்மா மறுபடி வந்தார். எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஸ்கேன் கருவியும் கொண்டுவந்திருந்தார். சீமாட்டியின் வயிற்றில் குட்டி இருக்கிறது. “மசக்கைன்னு எனக்கு அன்னிக்கே தோணுச்சு, சொன்னா சிரிப்பீங்கன்னு விட்டுட்டேன்” என்கிறாள் உங்கள் அத்தை. மேலே நான் மனப்பாடம் என்று சொன்ன அளவுகள் அனைத்தும் ரத்து. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கணக்கே வேறாம், உடனே புறப்பட்டு வரவும். பெரியவருக்கு வயதாகிவிட்டது, இருவரையும் ஒரே தடுப்பில் விட்டால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. பெரியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். புல் தின்பதை அவர் நிறுத்தவில்லை.