ஐஸ்கட்டி அண்ணன் வளர்த்த கோஸ்

மதுரை வெயிலை எதிர்த்துச் சண்டைக்கு நின்ற ஒரே மனிதர் ஐஸ்கட்டி அண்ணன்தான். மற்றவர்கள் எல்லாம் விசிறியோடு சரணடைந்துவிட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆனையூரில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். ஐஸ் பாக்டரியில் வேலை. சாயங்காலம் மரத்தூள் போட்ட சாக்கில் ஐஸ் பாளத்தைச் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். வழியிலேயே பாதி கரைந்துவிடும். ரோட்டில் விழுந்த ஈரக்கோட்டைப் பிடித்துப் போனால் நேரே அவர் வீட்டுக் கொல்லைக்குப் போய்ச் சேரலாம். அங்கே நனைந்த சாக்குப் பந்தலின் கீழ் ஒரு டஜன் செடிகள். ஐஸை உடைத்து அவற்றைச் சுற்றி வைப்பார்.

தெருவில் ஒரு கல்யாணத்துக்கு சர்பத் போட ஐஸ் கேட்டு வந்தார்கள். "மாப்பிள்ளைக்கு வேர்த்தா துடைச்சுக்கிருவாரு. செடி என்ன செய்யும்?" என்று அனுப்பிவிட்டார்.

கிறுக்கு என்றுதான் தெருவே சொன்னது. காரணம் எனக்கு மட்டும் தெரியும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொந்த ஊர் கொடைக்கானல். அக்காவின் அப்பா அங்கே ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். அக்கா இப்போது நோயோடு படுத்த படுக்கை, சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் அப்பா பறித்து வேகவைத்துக் கொடுத்த புரூசல்ஸ் கோஸ் கிடைத்தால் ரெண்டு வாய் சாப்பிடுவேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார்.

மார்க்கெட்டில் அந்தப் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. அக்காவின் கூடப்பிறந்தவரான கொடைக்கானல் மச்சானுக்கு அண்ணன் கடிதம் போட்டார். இங்கேயும் இப்போது யாரும் பயிர் போடுவதில்லை, விதை மட்டும்தான் இருக்கிறது, கோஸ் ஜாதி, குளிர்ச்சி வேண்டும் என்று நாலு வரி எழுதி, கூடவே விதையையும் மடித்து அனுப்பியிருந்தார் மச்சான். அண்ணன் அந்தக் காயைக் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவிடம் விவரம் கேட்டிருக்கலாம். ஆனால் தட்டில் வைத்துத்தான் காட்டுவேன் என்று பிடிவாதம்.

"தம்பி, இவரு தெனம் பின்னாடி என்னத்தப் போட்டு உடைக்கிறாரு?" என்று அக்கா கேட்பார். விறகு என்பேன்.

"விறகு உடைக்கிற ஆளு எதுக்கு நடுங்கிக்கிட்டு வாராரு?"

தை பிறந்ததும் செடிகள் இடுப்பளவுக்கு வந்தன. இலைக்கு இலை, தண்டோடு ஒட்டி ஏதோ சின்னச் சின்ன மொட்டு. உச்சியில் முட்டைக்கோஸ் மாதிரி ஒன்றும் கட்டுவதாக இல்லை. அண்ணன் என்னிடம் யோசனை கேட்டார். நான் விவசாய ஆபீசில் டைப்பிஸ்ட். புகையிலைக்குப் பக்கத்துளிர் கிள்ளச் சொல்லி ஒரு நோட்டீஸ் டைப் அடித்திருக்கிறேன், என் விவசாயம் அம்புட்டுத்தான். ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்து மொட்டெல்லாம் சத்தை இழுக்கிறது, கிள்ளிப் போட்டால் உச்சியில் பெரிதாகக் கட்டும் என்றேன். அண்ணன் தினமும் கிள்ளினார். கிள்ளியதை எங்கள் வீட்டு ஆடு ரசித்துத் தின்றது.

மாசியில் அக்கா போய்விட்டார். கடைசிவரை உச்சியில் ஒன்றும் கட்டவில்லை.

காரியத்துக்கு வந்த மச்சான் கால் கழுவக் கொல்லைக்குப் போனார். செடிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "மாப்ள, காயெல்லாம் எங்க?"

குனிந்து ஓர் இலையை விலக்கினார். கிள்ளாமல் தப்பிய ஒரே மொட்டு, நெல்லிக்காய் அளவுக்கு உருண்டிருந்தது. "இதுதான் காய். தண்டு பூராவும் இப்பிடித்தான பிடிக்கும்."

கிள்ளச் சொன்னது நான். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மச்சானிடம் திரும்பினார்.

"வேலி சரியில்ல மச்சான். ஆடு மேஞ்சிருச்சு."

அக்காவின் படையலுக்கு அந்த ஒன்றையும் வேகவைத்து இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை அக்கா படத்துக்கு முன்னால் வைத்தார். மறு பாதியை என் கையில் கொடுத்தார்.

"சாப்பிடுங்க தம்பி. நீங்களும் சேர்ந்து வளர்த்ததுதான."

லேசாகக் கசந்தது. அழுதுகொண்டே தின்றேன். ஐஸ்கட்டி அண்ணன் தம் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தத் துண்டு ஜில்லென்று இருந்தது.