கொளவாய்க்கரைக் கோமான் கிண்டி புகுந்த காதை

வாழி நூர்முகமது! சைதாப்பேட்டைச் சந்தொன்றில் பிறந்து, செங்கல்பட்டின் கொளவாய் ஏரிக்கரையில் மூன்றாம் மாடியில் முடிபுனைந்த கோமானே, கிண்டி மாநகரில் கப்பற்சரக்குக் கணக்கெழுதும் அலுவலகத்தின் மூலைமேசைக்கு உரியோனே, ஜஹனாராவின் கரம்பற்றிய காவலனே, தாமதம் என்னும் பகை ஒன்றைத் தவிர வேறெதற்கும் தோற்றறியாத வீரனே, வாழி! நடைமேடை ஒலிபெருக்கிக்குள் உடலின்றி உறையும் பெண்குரலே, பயணிகளின் கனிவான கவனத்தை நாள்தோறும் வேண்டி நின்று, ஒருவரும் கவனியாவிடினும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் ஓயாத உன் உறுதியில் ஒரு துளியை எங்கள் நாவுக்கும் அருள்வாய். இவன் கதையைச் சொல்லத் தொடங்குகிறோம்.

பிறந்தது முதல் அவன் வாழ்ந்த வீட்டில் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். அத்தகையோன் செங்கல்பட்டில் வீடு பார்க்க வந்த அன்று, தரகர் பால்கனிக் கதவைத் திறந்துவிட, கீழே வானத்தை விரித்துக் காயப்போட்டது போல் ஏரி கிடக்கக் கண்டு, சமையலறை எத்தனை அகலம், தண்ணீர் எந்நேரம் வரும் என்று எதுவும் கேளாமல், "சரி" என்று சொல்லிவிட்டான். அன்று முதல் வைகறைத் தொழுகை முடித்து, ஏலக்காய் மணக்கும் தேநீர்க் கோப்பை ஏந்தி, பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணையில் சாய்ந்து, நீர்க்கோழிகள் ஒன்றையொன்று துரத்துவதையும், ஏரியோரமாக ஒரு ரயில், ஜன்னல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தலை தெரிய, வளைந்து வளைந்து வடக்கே போவதையும் கண்குளிரக் கண்டிருப்பான். அந்த அரைமணிப் பொழுதில் அவனிலும் பெரிய செல்வன் தொண்டை மண்டலத்தில் எவனும் இல்லை. அந்த ஏரியை அவன் உண்மையாகவே நேசித்தான். இதைச் சொல்லும்போது மட்டும் நமக்குக் கேலி வரவில்லை.

ஆனால் கிண்டி கிண்டியிலேயே இருந்தது. தேநீர் தீர்ந்து, கோப்பை கழுவி, சட்டை மாட்டி அவன் நிலையத்தை அடையும் வேளையில் வரும் ரயிலோ எள் போட்டால் எண்ணெயாகும் நெரிசலோடு புறப்படும். ஒற்றைக்காலில் தவம் செய்தபடி போய் இறங்கி, அலுவலகப் படியேறும் போது மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீடு மாறியது முதல் ஒருநாளும் இது தப்பியதில்லை. கடைசியில் மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆணையிட்டார்: "நூர், ஒண்ணு நேரத்துக்கு வாங்க. இல்லைன்னா கிட்டக்க வீடு பாருங்க."

அதைக் கேட்டுத் துவண்டு வந்தவன்முன், தோசைக்கரண்டி ஏந்திய ஜஹனாரா தன் பிரகடனத்தை வெளியிட்டாள்.

"இன்னாங்க, நல்லா கேட்டுக்கங்க. இந்த வாரத்துக்குள்ள ஒரு நாளாச்சும் டைமுக்குப் போய்க் காட்டுங்க. அதுவும் உக்காந்துகினு போவணும். டெய்லி நின்னுகினே போயிட்டு வந்து முதுகு வலிக்குதுன்னு என் உசுர வாங்குறீங்க. முடியலன்னா இத்த பூட்டிக்கினு சைதாப்பேட்டைக்கே போயிடலாம். பழைய வூடு இன்னும் காலியாத்தான் கீது."

நாயகன் திரும்பி ஏரியைப் பார்த்தான். குளியலறைச் சுவர் மனக்கண்ணில் எழுந்து நின்றது. "போய்க் காட்டுறேன்" என்றான்.

முதலில் அவன் நாடியது பேருந்து. ஜிஎஸ்டி சாலை என்னும் நெடும் போர்க்களத்திலே, முன்னே சரக்கு லாரிகள் மதில்களாய் நிற்க, பின்னே ஆம்னிப் பேருந்துகள் பிளிற, இருபுறமும் ஷேர் ஆட்டோக்கள் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து வர, சிங்கப்பெருமாள்கோயிலைக் கடந்து, மறைமலைநகரைக் கடந்து, பொத்தேரியில் அவன் பேருந்து நின்றது. காதில் கருவி செருகிய மாணவர் சேனை, தோளில் பையும் கையில் பப்ஸுமாய், இடமும் வலமும் பாராமல் சாலையைக் கடந்தது, கடந்தது, கடந்துகொண்டே இருந்தது. வண்டியோட்டி எஞ்சினை அணைத்துவிட்டு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு கிளாம்பாக்கத்தில் இறங்கி, அந்தப் பரந்த நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து, வேறொரு பேருந்தில் ஏறி அவன் கிண்டி புகுந்தபோது மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதைக்கூட விட்டிருந்தார். பேருந்தில் உட்காரத்தான் இடம் கிடைத்தது. ஆனால் தனக்கு விதித்த நிபந்தனையில் பாதியை நிறைவேற்றியதற்காக எந்த வேந்தனும் பரணி பாடப்பெற்றதில்லை.

அப்போது தோன்றினான் கீழ்வீட்டுத் தாவீது. கல்பாக்கத்தில் வேலை, அலுவலகப் பேருந்தே வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போவதால் வழி என்ற ஒன்றைத் தேடி அறியாதவன், ஆகவே வழி சொல்வதில் மகா சமர்த்தன்.

"ஜிஎஸ்டி ரோட்ட வுடு பாய். வண்டிய எடு. திருக்கழுக்குன்றம் போ, மாமல்லபுரம் புடி, கடலோரமா ஈசிஆர்ல ஏறு. ரோடு காலியா கீது. பறந்துகினே போலாம்."

நாயகன் பறந்தான். திருக்கழுக்குன்றத்து மலை விலகி வழிவிட, வயல்வெளிப் பனி முகத்தில் அறைய, சின்னஞ்சிறு ஸ்கூட்டரை நால்வகைப் படைக்கும் ஒரே பிரதிநிதியாய் நடத்திச் சென்று மாமல்லபுரம் சேர்ந்தபோது, கடலுக்குள்ளிருந்து சூரியன் எழுந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. பழங்காவிய வீரர்களை மயக்க மோகினிகள் வருவார்கள். நம் வீரனுக்கு வந்தது காற்று. ஒரு நிமிடம் என்று வண்டியை நிறுத்தினான். ஒரு வாய் என்று இட்லி வாங்கினான். கொஞ்சம் என்று மணலில் உட்கார்ந்தான். வலையில் சிக்கிய நண்டுகளை ஒரு மீனவர் ஒவ்வொன்றாய் விடுவித்துக்கொண்டிருந்தார். அதை அவன் ஆபீஸ் என்ற சொல்லே மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் கைபேசி அலற, திரையில் மேலாளர் பெயர் ஒளிர, மோகம் தெளிந்து எழுந்தபோது காற்சட்டை முழுதும் மணல். சாலை காலியாகத்தான் இருந்தது; தாவீது பொய் சொல்லவில்லை. கிண்டிக்கு அது ஊரைச் சுற்றிப் போகும் வழி என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான்.

வாரத்தின் இறுதி நாள் விடிந்தது. எஞ்சியது ரயில் ஒன்றே. அன்றும் அவன் அரியணையில் அமர்ந்தே தேநீர் அருந்தினான். ஒருவேளை இதுவே கடைசி என்பதால் அதிகமாகவே அமர்ந்தான். ஏரியோர ரயில் வழக்கம்போலப் போயிற்று. 'இன்று அமர்வேன், அன்றேல் சைதை புகுவேன்!' என்று உள்ளத்தில் சூளுரைத்து, கைக்குட்டையை மறந்து, கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சள் துணிப்பையில் தக்காளிச் சோற்று டப்பாவோடு, நாள்தோறும் தவறவிடும், நேரத்துக்குக் கிண்டி சேரும் வண்டியை எட்டிப் பிடிக்க ஓட்டமாய் ஓடி நிலையம் ஏகினான்.

இங்கே கைக்குட்டைத் தருமத்தைச் சொல்லியாக வேண்டும். வண்டி நிற்குமுன் ஜன்னல் வழியே எவர் துணி முதலில் இருக்கையில் விழுகிறதோ, அந்த இருக்கை அவருக்கே உரியது. அவர் வந்து சேரும் வரையில் அதன்மேல் பிறர் அமர்தல் பாவம். எந்தப் பலகையிலும் இது எழுதப்படவில்லை. ஆயினும் செங்கல்பட்டு நடைமேடையில் இதை மீறி உட்கார்ந்து, மறுநாள் அதே பெட்டியில் முகம் காட்டிய துணிச்சல்காரன் எவனும் இல்லை.

இந்தத் தருமத்தின் தனிப்பெரும் காவலனாய் நடைமேடையில் நின்றான் பக்தவத்சலம். நாயகனின் எதிர்மேசைக்காரன், மதுராந்தகத்திலிருந்து வந்து இங்கே வண்டி மாறுபவன், கட்டம்போட்ட கைக்குட்டையால் ஏரிப்பக்கத்து ஜன்னல் இருக்கையை நாள் தவறாமல் வென்று, கிண்டி வரை குறட்டை விட்டுச் செல்பவன். இருவர் கண்களும் சந்தித்தன.

"இன்னா பாய், இன்னிக்கு ஃபுல் ஃபார்ம்ல கீற?"

"இன்னிக்கு உக்காந்தே ஆவணும் பக்தா. வூட்டு மேட்டரு."

வந்தது வண்டி. எழுந்தது ஆரவாரம். கைக்குட்டைகள், துண்டுகள், செய்தித்தாள்கள், ஒரு குழந்தையின் தொப்பி என்று ஆயிரம் அம்புகள் ஜன்னல்களை நோக்கிப் பாய்ந்தன. பக்தவத்சலத்தின் கை மேலெழுந்தது. கைக்குட்டைக்காகச் சட்டைப்பையைத் துழாவிய நாயகனின் விரல்கள் வெறுமையைக் கண்டன. ஒரு கணம்தான். மறுகணம், ஓடும் வண்டியோடு தானும் ஓடி, மதிய உணவென்றும் பாராமல் மஞ்சள் பையை ஜன்னல் கம்பிகளுக்கிடையே செருகி உள்ளே தள்ளினான். அது இருக்கையின் நட்டநடுவே தொப்பென்று அமர்ந்தது. கட்டம்போட்ட கைக்குட்டை அதன் தலைமேல் வந்து விழுந்து, வெட்கி, நழுவித் தரையில் கிடந்தது.

வென்றான் நூர்முகமது! வென்ற களிப்பில் இரு கைகளையும் வானோக்கி உயர்த்தினான். அதுவே அவன் செய்த பிழை. கைகள் மேலே போனதும் பிடிமானம் போயிற்று. பெட்டியிலிருந்து இறங்கிய பெருங்கூட்டம் அவனை அப்படியே அள்ளியெடுத்து, மேம்பாலப் படிக்கட்டை நோக்கிக் கொண்டு சென்றது.

"யோவ், நான் ஏறணும்யா! வுடுங்க!"

"ஏறிக்கினுதானே கீற? நட, நட!" என்றாள் கீரைக்கட்டு சுமந்து வந்த ஓர் அம்மாள், முதுகில் ஒரு நெட்டுக் கொடுத்து.

உண்மைதான். அவன் ஏறிக்கொண்டுதான் இருந்தான், படிகளை. மேம்பாலத்தின் உச்சியில் கூட்டம் அவனை இறக்கி வைத்தபோது கீழே வண்டி நகர்ந்தது. மூன்றாம் பெட்டியின் ஜன்னலில், ஏரியைப் பார்த்தவாறு, மஞ்சளாய் ஒன்று போவதைக் கண்டான்.

அந்தப் பயணத்தின் மாண்பைப் பின்னர் பக்தவத்சலமே சொல்லக் கேட்டோம். பெட்டியில் மூச்சுவிட இடமில்லை. ஆனால் அந்த ஓர் இருக்கை மட்டும் காலி. பக்கத்தில் அவன் கம்பியைப் பற்றி நின்றான்; அமரவில்லை. சிங்கப்பெருமாள்கோயிலில் ஏறியவர் "ஆள் வருதா?" என்று கேட்டார். "வந்துகினு கீறாரு" என்றான். கூடுவாஞ்சேரியில் ஏறியவரும் கேட்டார். "வந்துகினேதான் கீறாரு." தாம்பரத்தில் ஏறிய தடித்த மனிதர் பையைச் சற்றே நகர்த்தப் பார்க்க, "சார், கைய எடு. அது இன்னொருத்தரு சீட்டு" என்று அவன் எழுப்பிய குரலில் பெட்டியே தலைவணங்கியது. கால் மரத்துப்போக, கண் சொருக, இருக்கை இழந்த அந்த எதிரி கிண்டி வரை நின்றே வந்தான். பையை எடுத்துப் போய் அதன் உரிமையாளனின் மேசைமேல் வைத்தான்.

மேலாளர் வந்தார். மூலைமேசையில் மஞ்சள் பை அமர்ந்திருக்கக் கண்டார். கடிகாரத்தைப் பார்த்தார், நம்ப முடியாமல் மறுபடி பையைப் பார்த்தார். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுத் தம் அறைக்குள் போனார். அடுத்த ரயிலில் நசுங்கி வந்து, சட்டைப் பொத்தானொன்றைப் பரங்கிமலையில் பறிகொடுத்து, மூச்சிரைக்க உள்ளே நுழைந்த நாயகனைப் பக்தவத்சலம் கைகாட்டி அமர்த்தினான். "நீ வந்துட்ட பாய். அப்பவே வந்துட்ட" என்றான்.

மாலை. கொளவாயின் மேல் பொன்வெயில். பால்கனியில் ஜஹனாரா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னாங்க, டைமுக்குப் போனீங்களா? உக்காந்துகினு போனீங்களா?"

வெற்றி முழக்கமொன்றை வரும் வழியெல்லாம் அவன் சொல்லிப் பார்த்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைக் கைவிட்டான். மஞ்சள் பையைத் தரையில் வைத்தான்.

"பை போச்சு" என்றான். "டைமுக்குப் போச்சு. உக்காந்துகினு போச்சு. நான்தான் போவல."

நடந்ததைக் கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மடித்த துணியெல்லாம் மடியிலிருந்து சரிந்தது. வீடு மாறிய நாள் முதல் அவள் இப்படிச் சிரித்து அவன் கண்டதில்லை. தலைகுனிந்து, "சரி, எப்போ சைதாப்பேட்டைக்குப் போலாம்?" என்று கேட்டான்.

"அந்த வூட்டுக்காரருக்குக் காலையிலேயே போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நீங்க போனப்பறம் இந்த நாற்காலியில யாரு உக்காருறாங்கன்னு நினைச்சீங்க?" என்று சொல்லி, அவள் ஏரியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நீங்க டீ குடிச்சுகினே ஒரு ரயில வேடிக்கை பாக்குறீங்களே, அது எங்க போவுது?" என்று கேட்டாள்.

வாழி கொளவாய்! வாழி கைக்குட்டைத் தருமம்! வாழி மஞ்சட்கொடியாய்க் கிண்டி புகுந்த வீரப் பை! மறுவாரம் திங்கட்கிழமை, தேநீரைக் குடுவையில் அடைத்து இடையில் செருகி, அரியணையைத் துணைவிக்கு ஈந்து, புதிதாய்த் துவைத்த கைக்குட்டையை வலக்கையில் உயர்த்தி, ஏரி விழித்தெழுமுன் தான் விழித்து, பெரும்போர் ஒன்றை எதிர்நோக்கிப் பற்களைக் கடித்தவாறு, அன்று வரை அடியெடுத்து வைத்திராத அந்த ஏரியோர ரயிலின் வாயிலில் நம் நாயகன் தாவி ஏறிய அக்கணத்தில் மூண்ட சமரை எவ்வாறு பாடுவோம்!

சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது.