வழக்கமான மூட்டை

"சார்... அக்கா..." என்று இழுத்தது போனில் அந்தப் பெண்குரல்.

"குளிக்கிறா" என்றான் அவன்.

மிட்டாய் மொத்த வியாபாரக் கம்பெனியில் ஆர்டர் எடுக்கும் பெண். அவன் அவளைப் பார்த்ததில்லை. மறுமுனையில் சத்தமே இல்லை. பொய் எடுபடவில்லையோ என்று பதறிப்போய் அதற்கு முட்டுக் கொடுத்தான்.

"ஜெல்லி பீன்ஸ் தீர்ந்துபோச்சாம். வழக்கமான மூட்டையை அனுப்பச் சொன்னா."

"அக்காவா... சொன்னாங்க?"

"பின்னே நானா? எனக்கு இனிப்பே ஆகாது."

"சரி சார்" என்றாள் அவள், மிக மெதுவாக. "எழுதிக்கறேன்."

அவன் மனைவி பிறந்தநாள் விழாக்களுக்காகக் கண்ணாடிக் குப்பிகளில் ஜெல்லி பீன்ஸ் நிரப்பி, ரிப்பன் கட்டி விற்றுவந்தாள். மூட்டையைப் போர்வையில் கொட்டி, நிறம் நிறமாகப் பிரிப்பாள். இப்போது பிரிக்க ஆளில்லை.

அவள் இறந்ததை அவன் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். வங்கியில் சொன்னான். வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னான். அவளுடைய போன் இணைப்பை நிறுத்தச் சொன்னபோது ஒருவன் அனுதாபப்பட்டுவிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டான். சொல்லச் சொல்ல அவள் ஒவ்வோர் இடமாகக் காலி செய்துகொண்டு போனாள். பாக்கி இருந்தது இந்த ஒரு குரல்தான். அதில் மட்டும் அவள் இன்னும் குளித்தாள், கடைக்குப் போனாள், சளி பிடித்துப் படுத்தாள்.

அந்தப் பெண் மாதந்தோறும் கூப்பிட்டாள். மாதந்தோறும் மூட்டை வந்தது. கட்டிலுக்கு அடியில் ஒன்று, அலமாரி மேல் ஒன்று. மனைவி படுக்கும் பக்கத்தில் ஒன்றைக் கிடத்தினான். வேறு இடமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். எறும்புகள் வந்தன.

தீர்த்துவிடலாம் என்று ஒரு டப்பா நிறைய வேலைக்கு எடுத்துப் போனான். வேலை பல் டாக்டரிடம், எக்ஸ்ரே எடுப்பது. டப்பாவை நோயாளிகள் காத்திருக்கும் மேசையில் வைத்தான்.

"ஏம்ப்பா, கூட்டம் வரலைன்னு நான் எப்பவாவது உன்கிட்ட அழுதிருக்கேனா?" என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டே ஒரு கை அள்ளி வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். கடைவாய்ப் பல்லுக்கு மாட்டியிருந்த உறை, மஞ்சள் ஜெல்லி பீனோடு கழன்று வந்தது.

டாக்டரை நாற்காலியில் சாய்த்து அவனே எக்ஸ்ரே எடுத்தான். வாயில் பஞ்சோடு அவர் ஏதோ திட்டினார். நல்லவேளை, புரியவில்லை. டப்பா அவனோடு வீடு திரும்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டேய், நீ குடியிருக்கிற வீடா இது? எறும்புக்கு வாடகைக்கு விட்டிருக்கியா?"

"கொஞ்சம் மிட்டாய் மிஞ்சிப்போச்சுக்கா."

"கொஞ்சமா? ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லித் தொலையேன்டா!"

"சொல்றேன்க்கா."

"எப்ப? எறும்பெல்லாம் சேர்ந்து உன்னைத் தூக்கிட்டுப் போய்த் தெருவுல வச்சதுக்கப்புறமா?"

அப்போது பார்த்து போன் அடித்தது, மிட்டாய்க் கம்பெனி நம்பர். அக்கா முந்திக்கொண்டாள். "இங்க பாரும்மா, என் தம்பி பொண்டாட்டி..."

அவன் பாய்ந்து பிடுங்கினான். "பக்கத்துலதான் நிக்கறா! இந்தத் தடவை மூணு மூட்டை வேணுமாம்!"

"சார், நான் அதுக்கு..."

"பெரிய விழாம்மா. ரிப்பன்கூட வாங்கி வச்சுட்டா."

"...சரி சார்."

அக்கா ஒரு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று மூட்டைகளும் வந்தன. கம்பெனி வேன்காரர் ஒன்றைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறிவந்தார். மூச்சு வாங்கியது.

"எங்க சார் இறக்கறது?"

அவன் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் நடக்கவே வழியில்லை. மனைவியின் நாற்காலிகூட நிரம்பியிருந்தது.

"இறக்காதீங்க" என்றான். "இதைக் கேட்ட ஆள் இல்ல. என் மனைவி இறந்துட்டா."

வங்கியில் சொன்ன அதே வார்த்தைகள்தான். சொல்லி முடித்ததும் வீடு ஒரேயடியாகக் காலியானதுபோல் இருந்தது, அத்தனை மூட்டைகளுக்கு நடுவிலும்.

"அந்தப் பொண்ணு அவளை அக்கா அக்காங்குது. நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல."

வேன்காரர் மூட்டையைப் படியிலேயே இறக்கி வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்க இறந்த அன்னைக்கே மூட்டையோட வந்து, இங்க கூட்டத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனவன் சார் நான். துக்கம் விசாரிக்கத்தான் அந்தப் பொண்ணு மாசாமாசம் போன் போடுது. நீங்கதான் அதைப் பேச விடாம ஒவ்வொரு தடவையும் ஆர்டர் குடுத்துடறீங்க."