பன்னிரண்டு அடி பேனரில் என் அந்தரங்கம்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கள்ளக்குறிச்சிக்குப் போய், ஃப்ளெக்ஸ் கடையில என் போட்டோவைக் குடுத்துட்டு வரணும்.

பத்து நிமிஷ வேலை.

நைனார்பாளையத்துல கட்டிக் குடுத்திருக்கற என் தங்கச்சி செல்வியோட பொண்ணு யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். எங்க பக்கத்துல தாய்மாமன் மடியில உக்காராம காது குத்த மாட்டாங்க. தாய்மாமன் மூஞ்சி இல்லாம பேனரும் அடிக்க மாட்டாங்க. முதல் வழக்கத்துலயாவது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். ரெண்டாவதுல பேச்சே கிடையாது.

"ஒரு போட்டோவை போன்ல அனுப்புண்ணா. நான் கடைக்காரருக்கு அனுப்பி வுட்டுடறேன்" என்றாள் செல்வி.

நான் அனுப்பலை. நேர்ல குடுத்துக்கறேன்னுட்டேன்.

ஏன்னா நான் பிரைவசி பாக்கற ஆளு! இருபது வருஷம் வெளிநாட்டு கம்ப்யூட்டர் கம்பெனியில மத்தவங்க தகவலைப் பாதுகாத்துட்டு ஊர் திரும்பினவன். என் லேப்டாப் கேமரா மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். எந்த குரூப்புலயும் என் படம் இருக்காது. கடையில பில் போட நம்பர் கேட்டா, "கால் கிலோ பருப்புக்கு எதுக்குங்க என் நம்பர்?"னு நின்னு நியாயம் கேட்பேன். பின்னால வரிசையில நிக்கறவங்க அப்ப என்னை ஒரு பார்வை பாப்பாங்க. அதை நான் மரியாதைன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்டர்நெட்ல நீங்க படிக்கற இந்த 'சாத்திய கதவு' பக்கத்தை நாலு வருஷமா பேர் போடாம எழுதிட்டு வந்தது நான்தான். கண்ட கண்ட கருவியை வாங்கி வூட்டுல மாட்டிக்கிட்டு, தன் ரகசியத்தைத் தானே காசு குடுத்து வெளிய அனுப்பற ஜனங்களை நக்கல் அடிக்கறதுதான் இங்க நம்ம பொழப்பு. உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது, அந்த "ஜனங்க" யாருங்கறது.

ஒரே ஒரு ஆளு. என் தங்கச்சி புருஷன், மாப்பிள்ளை ஏழுமலை.

மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கார். கையில நடையை எண்ணற வாட்ச். கல்லாவுல உக்காந்தபடியே கையை ஆட்டி ஆட்டி ஐயாயிரம் அடி நடந்துடுவார். கூடத்துல பேசற டப்பா ஒண்ணு இருக்கு. "ஃபேன் ஆன், ஃபேன் ஆன்"னு அதுகிட்ட கெஞ்சிக்கிட்டு இருப்பார். சுவிட்ச் அவர் தலைக்கு மேலதான் இருக்கும். ஆட்டுக் கொட்டாய்க்கு கேமரா! ஆடு அசைபோடறதைப் படம் புடிச்சி, கடல் தாண்டி எந்த நாட்டு கம்பெனிக்கோ ராத்திரி பகலா அனுப்பிட்டு இருக்கு அது. அங்க எவனோ ஒருத்தன் சம்பளம் வாங்கிக்கிட்டு நம்ம வெள்ளாட்டைப் பாத்துட்டு இருப்பான்னு நெனைக்கறேன்.

ஞாயித்துக்கிழமை அவர் வூட்டுல கறிச்சோறு தின்பேன். திங்கக்கிழமை அவரைப் பத்தி எழுதுவேன். "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்"னு.

அதை ஏழுமலையே படிச்சி, விழுந்து விழுந்து சிரிச்சி, குடும்ப குரூப்புல போடுவார்.

"எவனோ கரெக்டா எழுதறான் மச்சான்! நம்ம பங்காளி கோவிந்தனைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு எழுதன மாதிரியே இருக்குது!"

நான் குனிஞ்சி எலும்பைக் கடிப்பேன்.

விஷயம் வெளிய வந்தா ஞாயித்துக்கிழமை சோறு போச்சு. கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாம ஊர் திரும்பினவனுக்கு, போய் உரிமையா சட்டியைத் திறந்து பாக்கறதுக்கு இருக்கற ஒரே வூடு அது.

சரி, ஃப்ளெக்ஸ் கடை.

டிசைனர் பேரு பாபு. முப்பது வயசு இருக்கும். பென்டிரைவைக் குடுத்தேன். என் எழுத்து, பக்கத்தோட படம், இனி போட வேண்டிய பதிவு எல்லாம் அந்த ஒரே பென்டிரைவுலதான். இன்டர்நெட்ல சேமிச்சி வெக்கறவன் ஏமாளிங்கறது என் கொள்கை. அதோட ஒரு மூலையில என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"சார், பேருக்குக் கீழ இன்னா போடறது?"

"ஒண்ணும் வேணாம். 'தாய்மாமன் சேகர்'. போதும்."

பாபு மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டான்.

"சார், சிரிக்காத போட்டோ. கீழ வெறும் பேரு. இப்புடிப் போட்டா அது கண்ணீர் அஞ்சலி சார்."

"பரவாயில்ல."

"உங்களுக்குப் பரவால்ல. தொங்கறது என் கடை பேரு ஆச்சே! இங்க பாருங்க. இவரு டிராக்டர் ஓனர். இவரு கோழிக்கடை. இதோ இவரு ஒண்ணுமே பண்ணல, 'துபாய் ரிட்டன்'னு போட்டு வுட்டேன். நீங்க இன்னா பண்றீங்க?"

"ஓய்வுல இருக்கேன்."

"அதுவும் அஞ்சலி மாதிரியேதான் சார் இருக்குது."

தொழில் என்பது தனிப்பட்ட தகவல்.

"சரி, நம்பராவது குடுங்க. ப்ரூஃப் அனுப்பறேன், பாத்து ஓகே சொல்லுங்க."

"நம்பர் யாருக்கும் குடுக்கறதில்ல."

"அப்ப தப்பு கிப்பு இருந்தா?"

"உங்க மேல நம்பிக்கை இருக்கு."

"செரி சார். வைரஸ் பாத்துட்டு காப்பி பண்ணிக்கிறேன். நீங்க போயி ஒரு டீ சாப்புட்டு வாங்க."

போய் டீ சாப்பிட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட என் நம்பரைக் குடுக்க பயந்து, என் பென்டிரைவை முழுசா குடுத்துட்டு, சக்கரை கம்மியா போடுங்கன்னு சொல்லி டீ சாப்பிட்ட மேதை நான்!

காதுகுத்துக்கு ரெண்டு நாள் இருந்துது. எவன் தொல்லையும் இல்லாம இருக்கலாம்னு வெள்ளிமலைக்குப் போனேன். மேல பாதி இடத்துல சிக்னல் கிடையாது. என்னை எந்த கம்பெனியும் பின்தொடர முடியாது. அப்படி ஒரு இறுமாப்போட ஜீப்புல ஏறினேன். ரெண்டாவது வளைவுக்குள்ள டிரைவர் என் ஊர், படிப்பு, சம்பளம் எல்லாம் வாங்கிட்டார். சாமை மூட்டையைக் கட்டிப் புடிச்சிட்டு இருந்த அம்மா, ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு கேட்டாங்க. நான் சொல்லலை. அவங்களே ஒரு காரணத்தைக் கண்டுபுடிச்சி பின் சீட்டுக்குச் சொல்லிட்டாங்க. காரணம் என்னன்னு எனக்கே கேக்கலை. ஆனா பின் சீட்டே "ச்சொச்சொ" கொட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை காலைல முதல் பஸ்ஸைப் புடிச்சி நைனார்பாளையம் வந்து இறங்கினேன். ஆறரை மணி. விருந்துக்கு வந்தவங்க இன்னும் தூக்கத்துல இருந்தாங்க. ஆட்டுக் கொட்டாய் ஓரமா ரெண்டு கம்பு நட்டு பேனர் கட்டியிருந்துது.

நின்னு பாத்தேன்.

பன்னிரண்டு அடி. ஓரத்துல யாழினி, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. நடுவுல நான், ஒரு அண்டா அளவுக்கு. கழுத்துக்குக் கீழ என் உடம்பு இல்லை. யாரோ ஒரு பயில்வானோட வெள்ளைச் சட்டை, மைனர் செயின். பக்கத்துல சம்பந்தமே இல்லாம ஒரு சிங்கம் நடந்து வருது.

கீழ கொட்டை எழுத்துல: "தாய்மாமன் சேகர். நிறுவனர், சாத்திய கதவு."

நான் சொல்லாத தொழிலை பென்டிரைவுலயே தேடி எடுத்திருக்கான் பாபு. கூடவே இந்தப் பக்கத்தோட படம் அப்படியே.

சிங்கத்துக்கு மேல கொஞ்சம் காலி இடம் இருந்திருக்கு. இந்த ஊர் ஃப்ளெக்ஸ் டிசைனருக்குக் காலி இடம் கண்ணை உறுத்தும். அங்க ஒரு பஞ்ச் டயலாக் வேணும்னு பென்டிரைவைக் குடைஞ்சிருக்கான். எடுத்தது, போன மாசம் நானே எழுதின வரி:

"ஆட்டுக்கு கேமரா வெச்ச அண்ணன் வூட்டுல ஆடு பத்திரமா இருக்கு. அறிவுதான் எப்பவோ ஓடிப் போச்சு!"

ஆட்டுக் கொட்டாய் வாசல்ல! கேமராவுக்கு நேரா!

ராத்திரி தீவனக் கடை லோடு ஆளுங்க அவசரமா கட்டிட்டுப் போயிருக்காங்க. யாரும் இன்னும் படிச்சிருக்க மாட்டாங்க. எழுந்திரிக்கறதுக்குள்ள அந்த வரியையும் அந்தப் பேரையும் அறுத்து எடுத்துட்டா தப்பிச்சேன். கொட்டாயில இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டேன். தழை அறுக்கற அருவா ஒண்ணு கிடைச்சுது. ஏறினேன்.

மேல இருந்த வரி எட்டலை. எட்டின வரைக்கும் இழுத்தேன்.

சர்ருனு கிழிஞ்சுது. கிழிஞ்சது என் கழுத்து. தலை மட்டும் முன்னால மடங்கித் தொங்குச்சு. எழுத்தெல்லாம் பத்திரமா இருந்துது.

அப்பதான் அந்த கேமரா அலறுச்சு.

நாலு வருஷமா ஆட்டைத் தவிர எதையும் பாக்காதுன்னு நான் எழுதி எழுதிக் கிழிச்ச அதே கேமரா! சிவப்பு லைட்டை சிமிட்டி, சைரன் போட்டு, இந்தியில ஒரு பொம்பளை குரல் என்னை அதட்டுச்சு. உள்ள ஏழுமலை கையில வாட்ச் துடிச்சிருக்கு. கூடத்துல அந்த டப்பா, கொட்டாயில ஆள் நடமாட்டம்னு இங்கிலீஷ்ல அறிவிச்சிருக்கு. நான் கேலி பண்ண ஒவ்வொரு கருவியும் அன்னைக்குன்னு பாத்து வேலை செஞ்சுது!

"எவன்டா அவன், எம் பொண்ணு பேனரைக் கிழிக்கறவன்!"

லுங்கியை மடிச்சிக் கட்டிக்கிட்டு, கையில தடியோட ஏழுமலை. பின்னால மொத்த சொந்தக்காரங்க. எங்க பக்கத்துல பேனரைக் கிழிக்கறது சாதாரண விஷயம் இல்லை. அதுல பொண்ணு எடுக்கல் குடுக்கல் நின்ன குடும்பங்களே உண்டு.

ஸ்டூல் மேல, அருவாவோட, என் தலை அறுந்த பேனர் முன்னால நான்.

"மச்சான்... நீங்களா? உங்க தலையை நீங்களே எதுக்கு அறுத்துக்கினு இருக்கீங்க?"

அவர் கண்ணு மெதுவா மேல போச்சு. "நிறுவனர், சாத்திய கதவு." இன்னும் மேல போச்சு. சிங்கம். அதுக்கும் மேல.

வாய்விட்டுப் படிச்சார். ரெண்டு தடவை.

"அப்ப எழுதனது நீங்க."

"ஆமா மாப்ள."

"அப்ப அது கோவிந்தன் இல்ல."

"இல்ல மாப்ள."

"நானு."

தடி கீழ விழுந்துது. சரி, அடுத்து கைதான் என்மேல விழப் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். ஆனா கூட்டத்துல இருந்து ஒரு குரல். வாயில பிரஷ்ஷோட பங்காளி கோவிந்தன்.

"யோவ் ஏழுமல! அது நான்யா! ஊரு பூரா என்னைப் பத்திதான் எழுதறாங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன்! எங்க வூட்டுலயும் கேமரா இருக்குதில்ல!"

"உன் கேமரா ஓடவே ஓடாதேடா!"

"வாட்ச் இருக்குதில்ல!"

"அது உன் மச்சினனுது! மச்சான், நீங்களே சொல்லுங்க. அந்த ஃபேன் மேட்டரு யாரு?"

"நீங்கதான் மாப்ள."

"கேட்டுக்கினியாடா!" என்றார் ஏழுமலை, பட்டம் வாங்கினவர் மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு. அப்புறம் என்பக்கம் திரும்பி, நிஜமான வருத்தத்தோட சொன்னார்: "ஆனா நீங்க பண்ணது தப்பு மச்சான். பேரைப் போட்டு எழுதியிருக்கணும். பேரில்லாம எழுதனதால பாருங்க, கண்டவன்லாம் சொந்தம் கொண்டாடறான்."

நாலு வருஷம் நான் பொத்திப் பொத்திக் காப்பாத்தின ஒருத்தரோட அந்தரங்கம், அவருக்கு வேண்டாத பொருளா இருந்திருக்கு!

சிரிக்காத ஒரே ஆள் செல்வி. கூட்டத்தை விலக்கிட்டு வந்தா. ஸ்டூலுக்குக் கீழ நின்னு நிமிந்து என்னைப் பாத்தா.

"திங்கக்கிழமை எழுதறதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை வந்தியாண்ணா?"

ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

"நான் ஆக்கிப் போட்டேன். நீ இவரைத் தின்னுக்கினு இருந்திருக்கற." பந்தல் பக்கம் கையைக் காட்டினா. அப்புறம், "யாழினி உன் மடியில உக்காரணும்னா, நீ எழுதனதை மைக்குல நீயே படி. பேரோட. எல்லார் முன்னாலயும். இல்லன்னா அருவாவை வெச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பு."

படிச்சேன்.

பத்து மணிக்கு, பந்தல்ல, மனைமேல உக்காந்து, மடியில புதுப் பாவாடையோட யாழினி, கையில மைக். வாட்ச் பதிவைப் படிச்சேன். ஏழுமலை எழுந்து நின்னு கையைத் தூக்கி வாட்ச்சைக் காட்டினார். கைதட்டல். கேமரா பதிவைப் படிச்சேன். கோவிந்தன் எழுந்து வெளிய போயிட்டார். கடைசியா அந்த ஃபேன் பதிவு. "சுவிட்ச் தலைக்கு மேல"ங்கற இடம் வந்தப்ப செல்வி சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிட்டா. அழறாளோன்னு படிக்கறதை நிறுத்திட்டேன். அவ முதுகு குலுங்கறதைப் பாத்தேன். பக்கத்துல இருந்த பொம்பளை தோள்ல சாஞ்சி, முந்தானையை வாயில வெச்சி அடக்கிக்கிட்டு, அப்படி ஒரு சிரிப்பு.

ஆசாரி அந்த நேரம் பாத்து ஊசியைப் போட்டார். யாழினி வீறிட்டு என் காதைக் கடிச்சா. மைக் ஆன்ல இருந்ததால என் அலறலும் ஊருக்கே கேட்டுது.

சாயந்திரம் கெளம்பும்போது செல்வி தூக்குல கறிக்குழம்பு ஊத்திக் குடுத்தா. "இன்னமே எழுதினா என் கையில காட்டிட்டுப் போடு" என்றாள். அதனாலதான் இந்தப் பதிவு ஒரு நாள் தாமதம். மூணு இடத்துல அடிச்சிட்டா.

பேனரை என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். தீவன மூட்டை தைக்கற கோணி ஊசியால என் தலையைக் கழுத்தோட சேத்து சணல் போட்டுத் தைச்சி, கடைக்குப் பின்னால லோடு ஆளுங்க குளிக்கற தொட்டியைச் சுத்தி மறைப்பா கட்டியிருக்காங்களாம்.

நாலு வருஷமா பிரைவசி, பிரைவசின்னு கத்தி, கடைசியில நான் காப்பாத்தினது அந்த லோடு ஆளுங்களோடது மட்டும்தான்.